ஓடத் தொடங்குகிறேன், எந்த ஷூ வாங்குவது?

காலை ஓட்டம் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஷூ பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதும் காலுக்கே. பாளையங்கோட்டையில் பள்ளி உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக ஓட வருகிறவர்களுக்கு இன்றைக்கும் காலையில் மைதானத்தில் பயிற்சி கொடுத்து வருகிறேன். அங்கே கண்டதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

வயது 42. வங்கி ஊழியர். எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியதால் ஓட நினைக்கிறேன். கடையில் ஈரக்காலைக் காகிதத்தில் பதிக்கச் சொல்லி, "உங்களுக்குத் தட்டைப் பாதம், இதுதான் சரிப்படும்" என்று 9,500 ரூபாய் ஷூவை எடுத்துக் காட்டினார்கள். வாங்கலாமா டீச்சர்?
– வாசகர், தஞ்சாவூர்

அவசரப்படாதீர்கள் ஐயா. ஷூவின் விலையை எழுதியிருக்கிறீர்கள், பாதத்தின் வகையை எழுதியிருக்கிறீர்கள். போட்டுப் பார்த்தபோது காலுக்கு இதமாக இருந்ததா என்பதை மட்டும் எழுதவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

ஈரக்கால் சோதனை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. ஈரத்தடத்தில் உள்ளங்காலின் வளைவு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து, தட்டைப் பாதத்துக்குக் கால் உள்பக்கம் சாயாமல் தடுக்கும் கெட்டியான ஷூ, வளைவு அதிகமுள்ள பாதத்துக்கு மெத்தென்ற ஷூ, நடுத்தரமானதற்கு இரண்டுக்கும் இடைப்பட்டது என்று பிரித்துக் கொடுப்பார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். அமெரிக்காவில் தரைப்படை, விமானப்படை, கடற்படைக் காலாட்பிரிவு ஆகிய மூன்றிலும் புதிதாகச் சேர்ந்த வீரர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாதத்தின் வடிவம் பார்த்து ஷூ கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பாதம் எப்படி இருந்தாலும் ஒரே வகை ஷூ. பயிற்சி முடிந்து கணக்குப் பார்த்தபோது, வடிவம் பார்த்துக் கொடுத்ததால் காயங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. 2009, 2010 ஆண்டுகளில் வெளியான முடிவுகள் இவை. கடைகளில் மட்டும் அந்தக் காகிதம் இன்னும் விரித்தபடியே இருக்கிறது.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் மனித உடலின் அசைவுகளை ஆராய்ந்த பென்னோ நிக், 2015-இல் தன் குழுவினருடன் வேறொரு கருத்தை முன்வைத்தார். தன் உடலின் இயல்பான அசைவுக்கு ஒத்துவரும் ஷூவை ஓடுகிறவர் 'இதமாக இருக்கிறது' என்ற உணர்வைக் கொண்டே அடையாளம் கண்டுகொள்கிறார், அந்த உணர்வை நம்பலாம் என்பது அவர் வாதம். மைதானத்தில் நான் பார்ப்பதும் அதோடு ஒத்துப்போகிறது. வலி இல்லாத தட்டைப் பாதம் ஒரு நோயே அல்ல. தட்டைப் பாதத்தோடு மிக நன்றாக ஓடுகிற பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறார்கள். கணுக்காலின் உள்பக்கத்தில் உங்களுக்கு ஏற்கெனவே வலி இருந்தால் மட்டும் எலும்பு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பார்த்துவிட்டுப் பிறகு ஷூவுக்குச் செல்லுங்கள்.

கடைக்கு மாலையில் போங்கள். பகலெல்லாம் உட்கார்ந்தும் நின்றும் இருந்தபின் கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடப்போகும் சாக்ஸையே எடுத்துச் செல்லுங்கள். இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள், பெரிய காலுக்கு அளவு எடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். எழுந்து நின்று, மிக நீளமான விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். நம்மில் பலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம், அதை மறந்துவிடாதீர்கள். குதிகால் மேலெழும்பக் கூடாது. கடைக்குள்ளோ வாசலிலோ நாலு எட்டு ஓடிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி தராத கடையில் வாங்காதீர்கள்.

ஷூவைக் கையில் எடுத்து மூக்கையும் குதியையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நட்டநடுவில் மடிந்தால் அது நல்ல ஷூ இல்லை. குதியைச் சுற்றியுள்ள பகுதி, கைக் கட்டைவிரலால் அமுக்கினாலும் குழிந்துவிடாமல் நிற்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாய்க்குள் மிக நல்ல ஷூ கிடைக்கும் என்பது என் கருத்து. புது மாதிரி வந்ததும் சென்ற ஆண்டு மாதிரியின் விலையைக் குறைப்பார்கள். நிறம் மாறியிருக்கும், மற்றபடி பெரிய வித்தியாசம் இருக்காது. அதைத் தேடிப் பிடியுங்கள். அந்த 9,500 ரூபாய் ஷூதான் எல்லாவற்றிலும் இதமாக இருந்தது, கையில் பணமும் இருக்கிறது என்றால் வாங்குங்கள், தவறில்லை. காகிதத்தில் பதிந்த ஈரத்துக்காக வாங்காதீர்கள்.

எனக்குப் பாதம் அகலம். எந்த ஷூ போட்டாலும் சுண்டுவிரல் நசுங்குகிறது. "போடப்போட இளகிவிடும்" என்கிறார்கள் கடையில். இளகுமா அம்மா?
– 36 வயது வாசகி, கோவை

இளகாது சகோதரி. தோல் செருப்பு இளகும். இன்றைய ஓட்ட ஷூவின் மேல்பகுதி செயற்கை இழையால் ஆன வலைத்துணி. முதல் நாள் நசுக்கினால் ஐம்பதாவது நாளும் நசுக்கும்.

என்னிடம் பயிற்சிக்கு வரும் சத்துணவு அமைப்பாளர் ஒருவரின் பெருவிரல் நகம் கறுத்துப்போய்விட்டது. எங்கேயோ இடித்துக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தார். கேலரிப் படியில் உட்காரவைத்து ஷூவைக் கழற்றச் சொன்னேன். உள்ளே இருக்கும் மெல்லிய இன்சோலை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் முழு எடையோடு ஏறி நிற்கச் சொன்னேன். சுண்டுவிரல் முழுவதும் வெளியே தரையில் கிடந்தது. பெருவிரலின் நுனி இன்சோலின் விளிம்புக்கு ஒட்டி நின்றது. ஒவ்வோர் அடிக்கும் அந்த நகம் ஷூவின் முன்சுவரில் போய் முட்டியிருக்கிறது. ஓர் அளவு பெரியதாக, முன்பக்கம் அகலமானதாக மாற்றினார். கறுத்த நகம் விழுந்து புது நகம் வளர்ந்துவிட்டது.

இந்த இன்சோல் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். பாதம் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். நீளத்தைக் கூட்டி அகலத்தை ஈடுகட்டப் பார்க்காதீர்கள், குதிகால் ஆடும். அகலத்துக்கென்றே தனி ஆங்கில எழுத்துக் குறியீடு உண்டு. ஆண்களுக்கு 'டி' என்றால் சாதாரண அகலம், '2இ' அகலம், '4இ' மிக அகலம். பெண்களுக்கு 'பி' சாதாரணம், 'டி' அகலம். எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது, கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். பெண்கள் மாதிரியில் கிடைக்காவிட்டால் ஆண்கள் ஷூவைத் தயங்காமல் போட்டுப் பாருங்கள். அதே அளவில் முன்பாதம் அகலமாக இருக்கும். நிறத்தைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

உங்கள் பாதத்தில் ஒரு குறையும் இல்லை. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்று அதில் தெரியவந்தது. நாமோ ஆங்கிலேயர் காலத்திலிருந்து அவர்களுடைய அளவுமுறையையே வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தியர்களுக்கென்று 'பா' என்ற புதிய அளவுமுறையை அந்த ஆய்வின் அடிப்படையில் பரிந்துரைத்திருக்கிறார்கள். அது கடைகளுக்கு வந்து சேரும் நாளுக்காக நான் ஆவலோடு காத்திருக்கிறேன். அதுவரை, ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது தையற்காரரிடம் காட்டும் பிடிவாதத்தை ஷூக் கடையிலும் காட்டுங்கள்.

இணையத்தில் 8-ஆம் எண் வாங்கினேன், பத்தவில்லை. என் செருப்பு 8-தான். எப்படி?
– வாசகர், விருதுநகர்

பெட்டியில் யு.கே., யு.எஸ்., ஈ.யு. என்று மூன்று எண்கள் இருக்கும். நம் ஊர்ச் செருப்புக்கு யு.கே. எண். ஆண்களின் ஷூவில் யு.எஸ். 8 என்பது பெரும்பாலும் யு.கே. 7. நீங்கள் யு.எஸ். எண்ணைப் பார்த்து வாங்கியிருப்பீர்கள். யு.கே., யு.எஸ். முறைகளில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம், அரை எண்ணுக்கு நாலு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இனி வாங்கும்போது சுவரில் குதிகாலை ஒட்டி, காகிதத்தின்மேல் நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். அந்தச் செண்டிமீட்டர் கணக்கை நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரு நிறுவனத்தின் 8 இன்னொரு நிறுவனத்தின் 8-ஆக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை வீட்டுக்குள் மட்டுமே போட்டுப் பாருங்கள்.

பேட்மிண்டன் ஷூவிலேயே ஓடலாமா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

வேண்டாம் மகளே. அது பக்கவாட்டில் பாய்ந்து நிற்பதற்காகச் செய்தது. ஓட்டத்தில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் தேவைப்படும் மெத்தை அதில் இல்லை. நடக்கலாம்.

துபாயிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த ஷூவை ஆறு வருடம் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். முதல் நாள் ஓடியபோதே அடிப்பாகம் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. போலிச் சரக்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், நாகப்பட்டினம்

மைத்துனர் மீது வருத்தப்படாதீர்கள். அசல் ஷூவுக்கும் இது நடக்கும். சில ஷூக்களின் அடி மெத்தை பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அதற்குள் புகுந்து, அதன் பிணைப்பை மெல்ல மெல்ல அறுத்துவிடும். வெளியே பார்க்கப் புத்தம்புதிதாக இருக்கும், எடை ஏறியதும் உதிரும். கடற்கரை ஊரில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் இது இன்னும் விரைவாக நடக்கும். இன்று பெரும்பாலான ஓட்ட ஷூக்களில் இ.வி.ஏ. என்ற நுரைதான் இருக்கிறது. அது இப்படி உதிராது, ஆனால் நாள்பட்டால் இறுகும். ஒட்டுப்பசையும் விட்டுப்போகும்.

ஷூவை வாங்கினால் போட்டுக்கொள்ள வேண்டும். பீரோவில் அடைகாக்கக் கூடாது. தள்ளுபடியில் வாங்குகிறவர்கள் பெட்டியில் விலைச் சீட்டோடு அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்த்துவிடுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தையது என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

முதலாம் ஆண்டு படிக்கும் என் மகன், கார்பன் தகடு வைத்த 20,000 ரூபாய் ஷூ கேட்கிறான். அதைப் போட்டால்தான் வேகம் வருமாம். அவன் ஓட ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது.
– தாய், சேலம்

மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது அம்மா. 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் ஓடிக் காட்டியபோது காலில் இருந்தது அத்தகைய ஷூதான். அது அளவு மீறிப் போய்விடக் கூடாது என்பதற்காக, சாலைப் போட்டிகளில் சோலின் கனம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் ஒரு தகட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் 2020-இல் உலகத் தடகள அமைப்பு விதி கொண்டுவந்தது.

ஆனால் அது பந்தய நாளுக்கான ஷூ. தினசரிப் பயிற்சிக்குப் போட்டால் நுரை சீக்கிரம் செத்துவிடும். உயரமாகவும் மிக மெத்தென்றும் இருப்பதால் பழகாத கணுக்கால் தள்ளாடும். தம்பியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: சாதாரணப் பயிற்சி ஷூ ஒன்றில் ஓராண்டு விடாமல் ஓடட்டும், பத்து கிலோமீட்டர் போட்டி ஒன்றை முடிக்கட்டும். அப்போதும் கேட்டால், நானே உங்களுக்குக் கடிதம் எழுதி வாங்கித் தரச் சொல்கிறேன். மிச்சப் பணத்தில் இப்போதைக்கு முட்டையும் பாலும் வாங்கிக் கொடுங்கள்.

நாங்களெல்லாம் வெறுங்காலில் ஓடியே வளர்ந்தோம். ஷூ என்பது வியாபாரம்தானே?
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், சிவகங்கை

ஐயா, உங்கள் கேள்வியை முழு மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தானை வென்றார், 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில். நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 வினாடியில் மறுபடியும் வென்றார். இரண்டிலும் வென்ற கால் ஒன்றுதான். சிறு வயது முதல் வெறுங்காலோடு மண்ணில் திரிந்த பாதம் வலுவானது, விரல்கள் நன்றாக விரியும். உங்களுக்கு அந்தப் பாதம் இருந்து, முள்ளும் கண்ணாடிச் சில்லும் இல்லாத மைதானமும் இருந்தால் ஓடுங்கள். மலம் கலந்த மண்ணில் மட்டும் வேண்டாம், கொக்கிப்புழு உள்ளங்கால் வழியாகத்தான் ஏறும்.

நாற்பது வருடம் ஷூவுக்குள் இருந்த நகரத்துக் காலை ஒரே நாளில் வெறுங்காலாக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அப்படித் திடீரென்று மாறியவர்களின் பாத எலும்பில் நுண்ணிய விரிசல் கண்டதுண்டு. மாற விரும்புகிறவர்கள் புல்தரையில் சில நிமிட நடையிலிருந்து தொடங்கி, மாதக்கணக்கில் மெல்ல மாற வேண்டும்.

எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். பாதத்தில் சற்று மதமதப்பு உண்டு. மெல்லோட்டத்துக்கு எந்த ஷூ?
– 58 வயது வாசகர், ஈரோடு

உங்கள் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுதினேன். தயவுசெய்து ஷூ வாங்கும் முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு நிமிடச் சோதனை. உணர்வு குறைந்திருந்தால் 'இதமாக இருக்கிறதா' என்று நான் மேலே எழுதிய அளவுகோல் உங்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் கடித்தாலும் உங்களுக்குத் தெரியாது. மருத்துவர் நடை போதும் என்றால் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடையிலும் சர்க்கரை குறையும்.

அனுமதி கிடைத்தால், விரல் பகுதி ஆழமாகவும் அகலமாகவும் உள்ள ஷூவை வாங்குங்கள், உள்ளே தையல் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. போடும் முன் தினமும் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். ஒரு சிறு கல் போதும் புண்ணாக்க. வெள்ளை சாக்ஸ் போடுங்கள், ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே கண்ணில் படும். வந்ததும் விரலிடுக்குகளை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்கால் ஓட்டம் பற்றி மேலே உள்ள பதில் உங்களுக்கானது அல்ல.

புது ஷூ வாங்கி இரண்டு வாரமாகத் தினமும் நாலு கிலோமீட்டர் ஓடுகிறேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நெடுக வலி. ஷூவை மாற்றவா?
– வாசகர், திருச்சி

ஷூவை மாற்றாதீர்கள், ஓட்டத்தை மாற்றுங்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லை என்பதற்காக நீங்கள் ஓடிக்கொண்டே போகிறீர்கள், எலும்பு அடி வாங்குகிறது. வலி அடங்கும்வரை ஓய்வு கொடுங்கள். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என மாற்றி மாற்றி இருபது நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை பரிந்துரைக்கும் ஒன்பது வாரத் திட்டத்தின் முதல் வாரம் இப்படித்தான் தொடங்குகிறது. தார்ச்சாலையில் ஓடுகிறவரானால் மண் மைதானத்துக்கு மாறிப் பாருங்கள். விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள், அது எலும்பு விரிசலாக இருக்கலாம்.

ஒரு ஷூ எத்தனை நாள் வரும்? மழைக்காலத்தில் நனைந்தால் என்ன செய்வது?
– வாசகி, சென்னை

நாள் கணக்கை விடக் கிலோமீட்டர் கணக்குதான் சரி. 500 முதல் 800 கிலோமீட்டர் வரை வரும். உடல் எடை கூடியவர்களுக்கும் கரடுமுரடான சாலையில் ஓடுகிறவர்களுக்கும் குறைவாகவே வரும். அடி ரப்பர் தேயும் முன்பே நடு நுரை தளர்ந்துவிடுவதுண்டு. ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதை மார்க்கெட்டுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வசதி இருந்தால், ஓட்டம் பழகியபின் வேறு மாதிரியில் இரண்டாவது ஷூ வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். லக்சம்பர்க்கில் ஓட்டக்காரர்களை 22 வாரம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அப்படி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் குறைவாகவே வந்தது. ஒவ்வொரு ஷூவும் காலின் வெவ்வேறு இடத்தில் சுமையை ஏற்றுவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இரண்டு ஜோடி இருப்பது உங்கள் ஊர் நவம்பர் மழைக்கும் உதவும். நனைந்த ஷூவின் லேஸைத் தளர்த்தி, இன்சோலை உருவித் தனியே வையுங்கள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணியுங்கள். உச்சி வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். துணி துவைக்கும் இயந்திரத்தில் போடவே கூடாது. சேறு பட்டிருந்தால் பழைய பல் தூரிகையும் சோப்பு நீரும் போதும். சாக்ஸ் பருத்தியில் வேண்டாம், வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு கொப்புளம் வரவழைக்கும். விளையாட்டுக்கென்று செயற்கை இழையில் வருவதை வாங்குங்கள். விரலிடுக்கில் அரிப்போ வெள்ளையாகத் தோல் ஊறுவதோ தெரிந்தால் அது சேற்றுப்புண். மருந்து போட்டு ஆறும்வரை அந்த ஈர ஷூவுக்குள் காலை விடாதீர்கள்.